படகுப் பந்தய எஞ்சினுக்கு க்ளோ பிளக்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் மாற்றுவது

நைட்ரோ எஞ்சின் (மெத்தனாலில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடுவது) வைத்த மாடல் படகைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிளக் போடலாம்?" என்பதுதான். சிலிண்டருக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைத்தான் சொல்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் வரிசையில் கடைசியாக வர வேண்டிய கேள்வி. எரிபொருள், கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அழுத்தும் அளவு), புரொப்பல்லர், குளிரூட்டும் தண்ணீர், நீடில் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இவை எல்லாம் சரியான பிறகு மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்தைத்தான் பிளக் சரிசெய்யும். வேறு இடத்தில் இருக்கும் கோளாறைப் பிளக்கை மாற்றிச் சமாளிக்கப் பார்த்தால், பெட்டி நிறைய எரிந்த பிளக் சேரும். கோளாறு அப்படியே இருக்கும்.

கீழே சொல்வது 3.5 சிசி முதல் 15 சிசி வரையிலான, தண்ணீரால் குளிரும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) உள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு. படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக முடிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று. நகை பார்க்கிறவர்கள் கண்ணில் வைக்கும் சின்ன லென்ஸ் போதும். இது இல்லாமல் பிளக்கைப் படிக்க முடியாது. வெறும் கண்ணுக்கு நல்ல கம்பியும் கெட்ட கம்பியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிளக்குக்குச் சரியான ஸ்பேனர், வெர்னியர் காலிப்பர், சாலிடரிங் செய்யும் மெல்லிய ஈயக்கம்பி, உங்கள் எஞ்சினுக்கான ஹெட் ஷிம்கள் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகட்டு வளையங்கள், கூட்டினால் கம்ப்ரஷன் குறையும்), ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு கட்டாயம். என்ன மாற்றினோம் என்பது மூன்றாவது ஓட்டத்துக்குள் மறந்துவிடும்.

இக்னைட்டர் (ஸ்டார்ட் செய்யும்போது பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவி) 1.2 முதல் 1.5 வோல்ட் வரை கொடுப்பதாக இருக்க வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று போதும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லை நேரடியாகத் தொட்டால் கம்பி ஒரு நொடியில் போய்விடும். ஆம்பியர் காட்டும் மீட்டர் உள்ள இக்னைட்டர் என்றால் இன்னும் நல்லது: பிளக் வழியாக மின்சாரம் ஓடுகிறதா, கம்பி அறுந்துவிட்டதா என்று கழற்றாமலே தெரியும்.

அப்புறம், ஒரே வகையில் குறைந்தது நான்கு பிளக். ஒரே ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு சோதனை செய்தால், கோளாறு அந்தப் பிளக்கினுடையதா அதன் வகையினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2. பிளக் செய்யும் வேலை

பிளக்கின் நுனியில் இருப்பது பிளாட்டினம் கலந்த உலோகக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரி அதைச் சூடாக்குகிறது. பேட்டரியை எடுத்த பிறகு இரண்டு விஷயங்கள் அதைத் தணலாகவே வைத்திருக்கின்றன. ஒன்று, முந்தைய சுற்றில் எரிந்த வாயுவின் சூடு. இன்னொன்று, பிளாட்டினத்தின் மேற்பரப்பில் மெத்தனால் ஆவி ஆக்சிஜனோடு வினைபுரிவதால் எழும் சூடு.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. இரண்டும் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, இந்த எஞ்சினில் எப்போது தீப்பற்ற வேண்டும் என்று சொல்லும் கருவி எதுவும் கிடையாது. கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறது, பிஸ்டன் எவ்வளவு அழுத்துகிறது, எரிபொருள் எவ்வளவு எளிதில் பற்றுகிறது என்பவை சேர்ந்துதான் அந்த நேரத்தை முடிவு செய்கின்றன. சூடு அதிகம் தாங்கி வைத்திருக்கும் ஹாட் பிளக் சீக்கிரம் பற்றவைக்கும். கோல்டு பிளக் தாமதமாகப் பற்றவைக்கும். பிளக் மாற்றுவது என்றால் தீப்பற்றும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துவதுதான்.

இரண்டாவது, கம்பியின் மேற்பரப்பு கெட்டுப்போனால் அந்த வினை நின்றுவிடும். அப்போதும் பேட்டரி கொடுத்தால் பிளக் பளிச்சென்று ஒளிரும். பேட்டரியை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும். "பிளக் நன்றாகத்தானே எரிகிறது" என்று புதியவர்கள் நீடிலைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பேட்டரியில் ஒளிர்வது கம்பி அறுபடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி.

தடித்த கம்பி, குறைந்த சுற்றுகள் என்றால் பொதுவாக கோல்டு. மெல்லிய கம்பி, அதிகச் சுற்றுகள் என்றால் ஹாட். சுருள் உட்கார்ந்திருக்கும் குழியின் அகலமும் ஆழமும் கூடக் கணக்கில் வரும். அதனால் கம்பியை மட்டும் பார்த்து இரண்டு கம்பெனிப் பிளக்குகளை ஒப்பிட முடியாது.

3. உங்கள் ஹெட்டுக்கு எது பொருந்தும்

சூட்டு அளவைப் பற்றி யோசிக்கும் முன் மரையையும் உட்காரும் இடத்தையும் பாருங்கள். சாதாரண பிளக்கின் மரை கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 சுற்று. அடியில் செம்பு வாஷர் உண்டு. அந்த வாஷர்தான் வாயு கசியாமல் அடைக்கிறது. டர்போ பிளக்கின் மரை பெரியது: 8 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. இடைவெளி. அதற்கு வாஷர் இல்லை. அடிப்பகுதி கூம்பாகச் சரிந்திருக்கும், ஹெட்டில் உள்ள அதே சரிவில் போய் உட்கார்ந்து அடைக்கும்.

ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட முடியாது. மாற்ற வேண்டுமானால் ஹெட் பட்டனையே (ஹெட்டில் பிளக் மாட்டும் நடுப்பகுதி) மாற்ற வேண்டும். டர்போவில் எரியும் அறைக்குள் இடுக்குகள் குறைவு. கோல்டு, ஹாட் என்று படிகளும் நெருக்கமாகக் கிடைக்கும். அதிக ஆர்பிஎம்மில் ஓடும் பந்தய எஞ்சினுக்கு, வாங்கும்போதே டர்போ ஹெட் கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். ஏற்கெனவே சாதாரண ஹெட் இருந்தால் அதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

சாதாரண பிளக்கில் நீளம் இரண்டு வகை. ஹெட்டைக் கழற்றி, பிளக்கை முழுதாக மாட்டி, உள்பக்கத்திலிருந்து பாருங்கள். பிளக்கின் முனை எரியும் அறையின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். நீண்டு வெளியே வந்தால் அந்த மரை விளிம்புகள் தாமே தணலாகிக் கண்ட நேரத்தில் பற்றவைக்கும்; பிஸ்டனில் இடிக்கவும் கூடும். உள்ளே குறைவாக நின்றால் அந்தப் பள்ளத்தில் எரிந்த வாயு தேங்கும், கம்ப்ரஷனும் குறையும். ஐந்து நிமிட வேலை. பலர் செய்வதே இல்லை.

கம்பிக்குக் குறுக்கே ஒரு பட்டை வைத்த ஐடில் பார் பிளக்குகள், நீண்ட நேரம் ஐடிலில் (த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக) ஓடும் எஞ்சின்களுக்காக வந்தவை. முழு வேகத்திலேயே ஓடும் பந்தயப் படகுக்கு அவை தேவையில்லை.

4. எரிபொருளை முடிவு செய்து அதை மாற்றாதீர்கள்

பிளக்கின் சூட்டு அளவைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு நைட்ரோமீத்தேன் விழுக்காட்டுக்கு. மெத்தனால் முழுதாக எரிய அதன் எடையைப் போல ஏறக்குறைய 6.4 மடங்கு காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 மடங்கு போதும், ஏனென்றால் ஆக்சிஜனைத் தன்னோடு சுமந்துகொண்டே வருகிறது. அதனால் நைட்ரோ கூடக்கூட அதே சிலிண்டருக்குள் அதிக எரிபொருள் எரியும், சூடும் அழுத்தமும் ஏறும், பற்றும் நேரமும் முன்னே நகரும். முன்னே நகர்ந்ததைப் பின்னே இழுக்க கோல்டு பிளக்கும் கொஞ்சம் குறைந்த கம்ப்ரஷனும் தேவைப்படும்.

உங்கள் வகுப்பின் விதிகளில் நைட்ரோவுக்கு வரம்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு ஒரே கலவையை, ஒரே எண்ணெய் அளவோடு, சோதனை முடியும்வரை மாற்றாமல் வைத்திருங்கள். காலையில் 30 விழுக்காடு, மாலையில் நண்பரின் கேனிலிருந்து 50 விழுக்காடு என்று ஊற்றினால் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் வீண்.

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடி இறுகாத பழைய கேனில் இருக்கும் எரிபொருள் ஐடிலில் தடுமாற வைக்கும், பிளக் கோல்டாக இருப்பது போலவே ஏமாற்றும். சோதனைக்குப் புதிதாகத் திறந்த கேனை எடுங்கள்.

5. கம்ப்ரஷனை அளந்து எழுதுங்கள்

பிளக்கைச் சந்தேகிக்கும் பலர் உண்மையில் சந்தேகிக்க வேண்டியது ஹெட் ஷிம்மை. முன்பிருந்தவர் எத்தனை ஷிம் போட்டார் என்பது தெரியாத பழைய எஞ்சின் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

ஈயக்கம்பியின் நுனியைக் கொஞ்சம் வளைத்து பிளக் துளை வழியாக உள்ளே விடுங்கள், நுனி லைனர் (சிலிண்டரின் உள்குழல்) சுவரைத் தொட வேண்டும். எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கம்பியின் நுனி நசுங்கும். வெளியே எடுத்து, நசுங்கிய இடத்தின் தடிமனைக் காலிப்பரில் அளந்தால் அதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி.

கம்பியை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குத் தண்டான 'பிஸ்டன் பின்' இருக்கும் திசையிலேயே விடுங்கள். அதற்குக் குறுக்கே விட்டால் பிஸ்டன் லேசாகச் சாய்ந்து கொடுக்கும், அளவு தவறும். இரண்டு பக்கமும் அளந்து, சராசரியை எழுதுங்கள். எஞ்சின் கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிட்டு, முதலில் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கையேடு குறைந்த நைட்ரோவுக்காகச் சொன்ன அளவாக இருந்து நீங்கள் அதிகம் ஊற்றப் போகிறீர்கள் என்றால், 0.1 மி.மீ. ஷிம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுத் தொடங்குவது பாதுகாப்பு.

கம்ப்ரஷன் அதிகமாக இருக்கும் எஞ்சினில் எந்தப் பிளக்கும் நிலைக்காது. ஒரு படி கோல்டு போட்டால் சற்று நேரம் தாங்கும், ஐடில் கெடும், பிறகு அதுவும் போகும். அப்போது ஷிம்தான் பதில்.

6. முதல் பிளக்கைத் தேர்ந்தெடுப்பது

எஞ்சின் தயாரித்தவர் பிளக் சொல்லியிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சொல்லவில்லை என்றால் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: 10 முதல் 20 விழுக்காடு நைட்ரோவுக்கு மீடியம் ஹாட் அல்லது மீடியம், 30 ஐ ஒட்டி என்றால் மீடியம் அல்லது மீடியம் கோல்டு, 50 ஐத் தாண்டினால் கோல்டு. சின்ன எஞ்சின் என்றால் இதில் ஹாட் பக்கம் சாயுங்கள், பெரிய எஞ்சின் என்றால் கோல்டு பக்கம். சின்ன சிலிண்டர் தன் கொள்ளளவுக்கு அதிகச் சுவர்ப்பரப்பு கொண்டது, சூட்டைச் சீக்கிரம் இழக்கும். 15 சிசி எஞ்சின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இது தொடங்கும் இடம் மட்டுமே. இரண்டு வகைக்கு நடுவில் தடுமாறினால் கோல்டை எடுங்கள். பிளக் அதிகம் கோல்டாக இருந்தால் ஐடில் தடுமாறும், பேட்டரியை எடுத்தால் நிற்கும். இழப்பு கொஞ்ச நேரம். அதிகம் ஹாட்டாக இருந்தால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே தீப்பற்றி கனெக்டிங் ராடையும் பிஸ்டனையும் அடிக்கும்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். என்யாவில் 3 ஹாட், 6 கோல்டு. எண் கூடினால் கோல்டு. மெக்காயில் 59 ஹாட், 9 கோல்டு, அங்கே நேர்மாறு. ஒரு கம்பெனியின் 6 ஐ எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனியின் 6 ஐப் போட்டுவிட்டு "அதே பிளக்தான்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, அதன் வரிசையிலேயே மேலும் கீழும் நகருங்கள்.

புது எஞ்சினைப் பழக்கும்போது பந்தயப் பிளக்கைப் போடாதீர்கள். முதல் சில டேங்குகளில் பிஸ்டனும் லைனரும் உரசி உதிரும் நுண்ணிய துகள்கள் கம்பியில் ஒட்டும். பழகும்வரை ஒரு மீடியம் பிளக், முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது.

7. மாட்டும் விதம்

மாட்டும் முன் புதுப் பிளக்கை இக்னைட்டரில் இரண்டு நொடி ஒளிரவிட்டுப் பாருங்கள். சுருள் முழுவதும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் வர வேண்டும். பாதி மட்டும் ஒளிர்ந்தால் அது பயிற்சிக்கும் வேண்டாம். கண்ணைக் கூசும் வெள்ளையாக வந்தால் இக்னைட்டரில் வோல்ட் அதிகம்.

முதல் மூன்று நான்கு சுற்றும் கையாலேயே திருகுங்கள். ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. கோணலாக ஏறினால் போவது ஹெட்டின் மரைதான். கையில் இறுகிய பிறகு ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பிளக்கைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு எஞ்சினைச் சுற்றுங்கள், குமிழி வந்தால் கசிவு. அந்தக் கசிவும் ஐடிலைக் கெடுத்து "பிளக் சரியில்லை" என்று நினைக்க வைக்கும்.

எஞ்சினுக்குள் எரிபொருள் நிரம்பிவிட்டால் ஸ்டார்ட்டரை வலுக்கட்டாயமாக ஓட்டாதீர்கள். திரவம் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, முகத்தை விலக்கிக்கொண்டு சுற்றி வெளியேற்றுங்கள். பக்கத்தில் இக்னைட்டர் ஒளிர்ந்துகொண்டிருக்கக் கூடாது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

8. பிளக்கைக் குற்றம் சொல்லும் முன்

ஒரு காலை, புதியவர் ஒருவர் மூன்று பிளக்கை வரிசையாக எரித்தார். ஒவ்வொரு முறையும் ஒரு படி கோல்டு போட்டார், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு சுற்றில் நின்றது. நான் பிளக்கைப் பார்க்காமல் எரிபொருள் ட்யூபைக் கழற்றச் சொன்னேன். ஒரு முனையை விரலால் அடைத்து, ட்யூபைத் தண்ணீருக்குள் வைத்து, மறுமுனையில் ஊதினேன். எஞ்சின் தாங்கியோடு ட்யூப் உரசிய இடத்திலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போய், கலவை லீனாகி (எரிபொருள் குறைந்து காற்று மிகுந்து), கம்பியைத் தின்றிருக்கிறது. ட்யூப் மாற்றி, முதலில் போட்ட அதே வகைப் பிளக்கைப் போட்டோம். அன்று மாலைவரை ஓடியது.

அதனால் தண்ணீரில் இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

எரிபொருள் பாதை. ட்யூப், டேங்க் மூடி, டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், புகை வெளியேறும் பைப்பிலிருந்து டேங்குக்கு அழுத்தம் தரும் குழாய். ஓட்டத்தின் கடைசியில் மட்டும் பிளக் எரிகிறது என்றால் டேங்கைச் சந்தேகியுங்கள். அளவு குறையும்போது திருப்பத்தில் குழாய் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது அதிர்வில் எரிபொருள் நுரைக்கிறது.

தண்ணீர். ஓடும்போது வெளியேறும் நீர் சீராக வர வேண்டும். சிறு பாசித் துணுக்கு அடைத்தாலே ஹெட் சூடேறி, சரியான பிளக்கும் ஹாட் பிளக் போல நடந்துகொள்ளும். நேர்மாறாக, தேவைக்கு அதிகமாகத் தண்ணீர் பாய்ந்தால் ஹெட் குளிர்ந்து, மீடியம் பிளக் கூட கோல்டு போலத் தடுமாறும். அங்கே ஹாட் பிளக் தேட வேண்டாம், நீரின் அளவைக் குறையுங்கள்.

புரொப்பல்லர். விட்டமோ பிட்சோ (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) எஞ்சினுக்கு அதிகமாக இருந்தால், முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் ஏறாமல் மூச்சுத் திணறும். குறைந்த ஆர்பிஎம்மில் முழுச் சுமை என்பது தட்டிப் பற்றுவதற்கு (கலவை சீராக எரியாமல் வெடிப்பதுபோல் ஒரேயடியாகப் பற்றுவது) ஏற்ற சூழல். சுருள் நசுங்கும்.

படகின் குதிப்பு. இது விமானத்தில் இல்லாத சிக்கல். படகு அலையில் குதிக்கும்போது புரொப்பல்லர் தண்ணீரைவிட்டு வெளியே வரும், சுமை சட்டென்று போகும், ஆர்பிஎம் தாவும், அந்தக் கணத்தில் கலவை லீனாகும். ஒரு சுற்றில் பத்து முறை இப்படி நடந்தால் பிளக் தாங்காது. படகின் எடைச் சமநிலையையும் ஸ்ட்ரட் (புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் பகுதி) கோணத்தையும் சரிசெய்து அமைதியாக ஓடவைப்பது, பிளக்குக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

9. முதல் ஓட்டம்

நீடிலைத் தெளிவாக ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) வைத்துத் தொடங்குங்கள். பைப்பிலிருந்து புகை நன்றாகத் தெரிய வேண்டும். எஞ்சின் சூடாகி ஐடிலில் நின்றதும் இக்னைட்டரை எடுங்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்பிஎம் மாறாமல் நின்றால் நல்லது. கொஞ்சம் விழுந்து அங்கேயே நின்றால் ஐடில் கலவை ரிச், அல்லது பிளக் கொஞ்சம் கோல்டு. விழுந்து நின்றேபோனால், முதலில் ஐடில் நீடிலை லீன் பக்கம் சிறிது திருப்பிப் பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் அதே வகையில் வேறொரு புதுப் பிளக். அதற்கும் மாறவில்லை என்றால்தான் ஒரு படி ஹாட்.

தண்ணீரில் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மெயின் நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக லீன் பக்கம் கொண்டுபோங்கள். ட்ரான்ஸ்மிட்டரிலிருந்தே கலவையை மாற்றும் வசதி இருந்தாலும், ஆரம்பத்தில் அதை நடுவில் வைத்து நீடிலிலேயே செய்யுங்கள். நேர்ப்பாதையின் கடைசியில் சத்தத்தைக் கவனியுங்கள். சுத்தமாக ஏறி, அங்கேயே நிற்க வேண்டும். ஏறிய சத்தம் பாதையின் பாதியிலேயே தொய்ந்தாலோ, படபடவென்று பொரிகிற சத்தம் கலந்தாலோ உடனே த்ராட்டிலை விடுங்கள். ரிச் பக்கம் திருப்பி மறுபடி தொடங்குங்கள்.

10. பிளக்கைக் கழற்றிப் படிப்பது

இந்த வேலையில் அதிகம் கற்றுத்தரும் இடம் இதுதான். அவசரப்படாதீர்கள்.

முழு வேகத்தில் நான்கைந்து சுத்தமான சுற்று ஓட்டிவிட்டு, நேர்ப்பாதையிலேயே எரிபொருளை அடைத்து எஞ்சினை நிறுத்துங்கள். மிதக்கும் படகைப் போய் எடுத்து வாருங்கள். ஐடிலில் ஓட்டிக்கொண்டே கரைக்கு வந்தால் ரிச்சான ஐடில் கலவை கம்பியைக் கழுவிவிடும். நீங்கள் படிப்பது ஐடிலின் கதையாக இருக்கும்.

பிளக்கைக் கழற்றி, சூரிய வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இடது கையில் அதே வகைப் புதுப் பிளக் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே கண் பழகும்.

கம்பி புதிதுபோல் பளபளத்து, குழிக்குள் ஈரம் நின்றால் கலவை ரிச். நீடிலில் இன்னும் இடமிருக்கிறது. முழு வேகம் வந்தும் இப்படியே இருந்தால் போட்டிருக்கும் பிளக் தேவையைவிட ஒரு படி அதிகம் கோல்டு.

கம்பியின் பளபளப்பு கொஞ்சம் மங்கி, லேசான சாம்பல் படிந்து, சுருளின் சுற்றுகள் சம இடைவெளியோடு, மையத்தில் நேராக நின்றால் நீங்கள் சேர வேண்டிய இடம் அது. இந்தப் பிளக்கின் எண்ணையும் நீடில் நிலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பி முழுவதும் வெளுத்த சாம்பலாக, லென்ஸில் பார்த்தால் உப்புத்தாளைப் போல் சொரசொரப்பாகத் தெரிந்தால் அது வெந்துவிட்டது. கலவை லீன், அல்லது ஹெட்டுக்குத் தண்ணீர் போதவில்லை. கம்பி அறுபடாமல் இருந்தாலும் இந்தப் பிளக்கை மறுபடி மாட்டாதீர்கள், மேற்பரப்பு போய்விட்டது.

சுருள் ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே நசுங்கியிருந்தால் உள்ளே தட்டிப் பற்றுகிறது. இதற்கு நீடில் காரணமாக இருக்கலாம், ஆனால் கம்பி மங்காமல் பளபளப்பாகவே இருந்து சுருள் மட்டும் நசுங்கியிருந்தால் நான் கையை ஷிம்முக்குத்தான் நீட்டுவேன். அதற்கடுத்து புரொப்பல்லர். அதற்கும் அடுத்துத்தான் கோல்டு பிளக்.

கம்பி அறுந்திருந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். உருகி மணிபோல் உருண்டிருந்தால் சூடு. உருகாமல் முறிந்திருந்தால் அடி: தட்டிப் பற்றியிருக்கலாம், உள்ளே தண்ணீர் போயிருக்கலாம், உலோகத் துணுக்கு பட்டிருக்கலாம். காணாமல் போன துண்டு பிஸ்டன் தலையில் ஒட்டியிருக்கிறதா என்று துளை வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த பிளக்கை மாட்டுங்கள்.

கம்பியிலோ குழியின் விளிம்பிலோ வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. பிஸ்டனோ பேரிங்கோ உதிர்கிறது. ஒரு நாள் ஓட்டத்துக்குப் பின் எரிபொருளை முழுதாக எரித்துத் தீர்க்காமல், எண்ணெய் விடாமல் வைத்த எஞ்சினில் பேரிங் துருப்பிடித்து இப்படி ஆகும். எத்தனை பிளக் மாற்றினாலும் அந்தத் துகள் அடுத்த கம்பியையும் அடிக்கும். திறந்து பாருங்கள்.

11. மாற்றுவதாக இருந்தால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு படி மட்டும். பிளக்கும் ஷிம்மும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பிளக்கின் சூட்டு அளவை மாற்றிய ஒவ்வொரு முறையும் நீடிலை ரிச் பக்கம் திருப்பி, அங்கிருந்து மறுபடி வாருங்கள். பழைய பிளக்குக்குப் பொருந்திய நீடில் நிலை புதியதற்கும் பொருந்தும் என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஹாட் பக்கம் போகும்போது இந்தத் தவறு பிஸ்டனையே வாங்கிவிடும்.

எப்போது கோல்டு பக்கம் போவது? கலவை சரி, தண்ணீர் சரி, கம்ப்ரஷன் சரி, அப்படியும் நேர்ப்பாதையின் கடைசியில் சத்தம் தொய்கிறது, கம்பி சீக்கிரம் மங்குகிறது என்றால். எப்போது ஹாட் பக்கம்? திருப்பத்தில் த்ராட்டிலைக் குறைத்து மறுபடி கொடுக்கும்போது தயங்குகிறது, ட்யூண்டு பைப்பின் (குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் கூடுதல் பலம் தரும்படி நீளம் பொருத்திய புகை பைப்) வேகத்துக்கு ஏறத் தாமதமாகிறது, ஐடிலில் பேட்டரி இல்லாமல் நிற்கமாட்டேன் என்கிறது, கம்பியோ புதிதுபோல் பளபளக்கிறது என்றால்.

ட்யூண்டு பைப்பின் நீளத்தைக் குறைத்தால் எஞ்சின் இன்னும் அதிக ஆர்பிஎம்மில் ஓடும், சூடும் ஏறும். அதனால் பைப்பை நகர்த்திய பிறகு பத்தாம் படியை மறுபடி செய்யுங்கள்.

12. பந்தய நாளில்

வெயில் ஏறுகிறது, காற்று மாறுகிறது என்றால் முதலில் தொட வேண்டியது நீடில். வீட்டில் சோதித்து வந்த பிளக் வகையைக் கரையில் மாற்றாதீர்கள்.

ஓட்டத்துக்கு முன் புதுப் பிளக் போடுவது நல்ல பழக்கம். ஆனால் தொடக்கக் கோட்டில் முதன்முறையாக அல்ல. ஒரே வகை, ஒரே எண் என்றாலும் பிளக்குக்குப் பிளக் சிறிது வித்தியாசம் உண்டு. பயிற்சி நேரத்திலேயே நான்கு பிளக்கை இரண்டிரண்டு சுற்று ஓட்டி, லென்ஸில் பார்த்து, நல்லதாகத் தெரிந்த இரண்டைத் தனியே எடுத்து வையுங்கள். ஓட்டத்துக்கு அவற்றைப் போடுங்கள்.

படகு கவிழ்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிளக்கைக் கழற்றி, படகைத் தலைகீழாகப் பிடித்து, துளை வழியாகத் தண்ணீர் முழுவதும் வெளியேறும்வரை சுற்றுங்கள். கொஞ்சம் எரிபொருள் விட்டு மறுபடி சுற்றி, வேறு பிளக்கை மாட்டி, உடனே ஸ்டார்ட் செய்து ஈரத்தை எரித்துவிடுங்கள். தணலாக இருந்தபோது தண்ணீர் பட்ட கம்பியை நான் அடுத்த ஓட்டத்துக்கு நம்புவதில்லை.

கழற்றிய பிளக்குகளை மூன்று டப்பாவில் பிரித்துப் போடுங்கள்: நல்லது, பயிற்சிக்கு மட்டும், எரிந்தது. எரிந்ததையும் உடனே எறியாமல், என்ன கலவை, எத்தனை ஷிம், எந்த புரொப்பல்லர் என்று சின்னச் சீட்டில் எழுதி அதோடு சுற்றி வையுங்கள். அடுத்த முறை சுருள் நசுங்கி வரும்போது, லென்ஸுக்கு அடியில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.